பிரிப்பு மேசையில் ஒரு சுருள்

எனக்கு உருது தெரியாது. ஆனால் அந்தத் தாளில் விழுந்திருந்த மடிப்பைப் படிக்கத் தெரிந்தது.

பேத்தி கல்லூரியில் வரலாறு மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். விடுதலைப் போராட்டக் காலத்தில் வெளிநாடுகளில் இருந்துகொண்டு இந்திய மாணவர்களும் போராளிகளும் நடத்திய பத்திரிகைகளைப் பற்றி இருபது பக்கம் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு நாள் இணையத்தில் தேடியவள், ஒரு மாலை நான் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தபோது கைப்பேசியை மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"தாத்தா, இதுதான் கதர்."

உள்ளே இருந்து என் வீட்டுக்காரி, "எந்தக் கதர்க்கடை? தீபாவளித் தள்ளுபடி இன்னும் இருக்கிறதா?" என்று குரல் கொடுத்தாள். தமிழில் இந்த ஒரு சங்கடம் இருக்கிறது. நமக்குக் கதர் என்றால் காந்தி நூற்ற துணி. அந்தப் பத்திரிகையின் கதருக்கு உருதுவில் கலகம் என்று பொருள். 1857-இல் சிப்பாய்கள் செய்ததை வெள்ளைக்காரன் இகழ்ச்சியாகச் சொன்ன சொல்லை எடுத்து, அதையே தலைப்பாக வைத்துக்கொண்டார்கள்.

பேத்தி படத்தைப் பெரிதாக்கினாள். பக்கத்தின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. அதையொட்டி எழுத்து தேய்ந்திருந்தது. "இது அச்சுப் பிழையா தாத்தா?" என்றாள்.

"அச்சில் தப்பு இல்லையம்மா. தபாலுக்கு மடித்த மடிப்பு."

அவளுக்கு அது பெரிய செய்தியாகத் தெரியவில்லை. எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

நாற்பது வருடத்துக்கு ஒரு வருடம் குறைவாகத் தபால் பிரித்தவன் நான். 1974-இல் சேர்ந்து 2013-இல் ஓய்வு பெற்றேன். ஓடுகிற ரயிலிலும் நின்றிருக்கிறேன், ஓடாத கட்டடத்திலும் நின்றிருக்கிறேன். மேலூர், உசிலம்பட்டி, சோழவந்தான், திருப்புவனம் என்று எழுதி ஒட்டிய சின்னச் சின்ன மர அறைகள் முன்னால் இருக்கும். கடிதக் கட்டு ஒன்றை எடுத்து இடது கையில் வைத்துக்கொண்டால் வலது கை தானாகப் போகும். ஆறு மாதம் பழகிவிட்டால் கண்ணுக்கு அங்கே அதிக வேலை இல்லை. சாக்குத் தூசியும் அரக்கு வாசனையும் சட்டையில் ஏறிவிட்டால் எத்தனை முறை துவைத்தாலும் போகாது.

பத்திரிகைகளை நாங்கள் சுருள் என்போம். இதழைச் சுருட்டி, அல்லது மடித்து, நடுவில் நான்கு விரல் அகலத்துக்கு ஒரு தாள்பட்டையைச் சுற்றிப் பசை தடவுவார்கள். அதற்கு ரேப்பர் என்று பெயர். விலாசமும் தபால்தலையும் அந்தப் பட்டையில்தான் இருக்கும். இரண்டு முனையும் திறந்திருக்க வேண்டும் என்பது விதி. மூடி ஒட்டினால் கடிதக் கட்டணம், திறந்திருந்தால் சலுகைக் கட்டணம். சலுகை எதற்கு என்றால், உள்ளே என்ன இருக்கிறது என்று தபால்காரன் எந்த நேரமும் உருவிப் பார்த்துக்கொள்ளலாம், அதற்காக. காசை மிச்சப்படுத்த வேண்டுமானால் வயிற்றைத் திறந்து காட்டிக்கொண்டுதான் போக வேண்டும்.

இப்போது அந்த மாணவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். கையில் காசு கிடையாது, ஆகவே சலுகைக் கட்டணத்தில் அனுப்பியாக வேண்டும். உள்ளே இருப்பதோ ராஜத் துரோகம், ஆகவே மூடியாக வேண்டும். பத்திரிகையை எழுதுவதும் அச்சடிப்பதும் பாதி வேலைதான். மீதிப் பாதி, ஏதோ ஒரு ஊரில் ஒரு விளக்கடியில் நின்றுகொண்டிருக்கும் என்னைப் போன்ற ஒருவனைத் தாண்டிப் போவது. அந்த இரவு முழுக்க எனக்கு அந்த ஆள்தான் தோன்றிக்கொண்டிருந்தான். பெயர் இல்லாத பிரிப்பாளன். எந்த வரலாற்றுப் புத்தகத்திலும் அவனுக்கு ஒரு வரி கிடையாது.

மறுநாளிலிருந்து நானும் அவளோடு சேர்ந்து படிக்கத் தொடங்கினேன். இருபது பக்கம் அவளுடையது. எனக்குப் பிடித்ததை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஷியாம்ஜி கிருஷ்ணவர்மா. குஜராத்தி, சம்ஸ்கிருதப் பண்டிதர், பாரிஸ்டர், பணமும் வைத்திருந்தவர். 1905 ஜனவரியில் லண்டனில் 'இந்தியன் சோசியாலஜிஸ்ட்' என்ற மாத இதழை ஆரம்பித்தார். விலை ஒரு பென்னி. பெயரைக் கேட்டால் ஏதோ பல்கலைக்கழக ஆய்விதழ் மாதிரி இருக்கிறது. சில பக்கங்களில் கட்டுரை, நெற்றியில் ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஹெர்பர்ட் ஸ்பென்சரின் மேற்கோள். ஆக்கிரமிப்பை எதிர்ப்பது நியாயம் மட்டுமல்ல, கட்டாயம் என்ற பொருளில் அந்த மேற்கோள் இருக்கும். வெள்ளைக்காரன் வாயால் வெள்ளைக்காரனைத் திட்டுகிற இந்தச் சாமர்த்தியம் எனக்கு மிகவும் பிடித்தது. அதே ஆண்டு ஜூலையில் ஹைகேட் பகுதியில் 'இந்தியா ஹவுஸ்' என்ற மாணவர் விடுதியையும் திறந்தார். நம் வரகனேரி வ.வே.சு. ஐயர், ஸ்ரீரங்கத்துக்காரரான டாக்டர் தி.சே.சௌ. ராஜன், சாவர்க்கர் எல்லாரும் புழங்கிய வீடு அது. ராஜன் பிற்பாடு ராஜாஜி மந்திரிசபையில் மந்திரியானார். அந்த வீட்டில் புழங்கியவர்கள் பிறகு எங்கெங்கோ போய்ச் சேர்ந்தார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

1907-இல் இந்த இதழ் இந்தியாவுக்குள் வரக்கூடாது என்று தடை போட்டார்கள். வெளிநாட்டு அச்சை நிறுத்துவதற்குச் சர்க்கார் கையில் இருந்த ஆயுதங்களில் ஒன்று 1878-ஆம் ஆண்டின் கடல் சுங்கச் சட்டம். கப்பலில் வரும் சாராயத்துக்கும் துப்பாக்கிக்கும் உள்ள சட்டத்தையே நாலு பக்கத் தாளுக்கும் நீட்டினார்கள். ஷியாம்ஜி அதற்குள் பாரிஸுக்கு நகர்ந்துவிட்டார். இதழ் மட்டும் லண்டனிலேயே அச்சாகிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் இரண்டு பெயர்கள் வருகின்றன. ஆசிரியர் பெயர் அல்ல, அச்சடித்தவர்களின் பெயர். 1909 ஜூலை 1-ஆம் தேதி மதன்லால் திங்ரா என்ற மாணவர் லண்டனில் கர்சன் வில்லி என்ற அதிகாரியைச் சுட்டுக் கொன்றார். அந்தப் பரபரப்பில் சர்க்காரின் கண் இதழின் மேல் விழுந்தது. ஷியாம்ஜி பாரிஸில் இருக்கிறார், கைக்கு எட்டவில்லை. எட்டியது அச்சுக்காரர் ஆர்தர் ஹார்ஸ்லிதான். அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். அதோடு இதழ் நின்றிருக்க வேண்டும். கை ஆல்ட்ரெட் என்ற ஆங்கிலேய இளைஞர், வயது இருபத்திரண்டு, "நான் அச்சடிக்கிறேன்" என்று முன்வந்தார். அவருக்கு ஷியாம்ஜியின் எல்லாக் கருத்தும் உடன்பாடு என்று இல்லை. ஆனால் அச்சு என்றால் யாருக்கும் அஞ்சாமல் இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதம். ஆகஸ்ட் இதழை அச்சிட்டார், செப்டம்பரில் பன்னிரண்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. இந்தியாவுக்கு வந்து ஒருநாள் வெயிலில் நின்றவர் அல்ல, நம்மை ஆளுகிற இனத்தைச் சேர்ந்தவர். நம் ஊர்த் தெருப் பெயர்ப் பலகைகளில் எத்தனையோ பெயர்கள் இருக்கின்றன. ஒரு சந்துக்காவது இந்த ஆளின் பெயரை வைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

அதற்கப்புறம் இதழே பாரிஸுக்குப் போய்விட்டது. அதே 1909 செப்டம்பரில் பாரிஸில் இருந்த போராளி மேடம் காமாவின் கூட்டத்தார் ஜெனீவாவிலிருந்து 'வந்தே மாதரம்' கொண்டுவந்தார்கள். பெர்லின் பெயரைப் போட்டு 'மதன் தல்வார்' வந்தது. தூக்கிலிடப்பட்ட திங்ராவின் வாள் என்று பொருள். அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம், கனடாவின் வான்கூவரில் தாரக்நாத் தாஸ் என்ற வங்காளி 1908-இலேயே 'ஃப்ரீ ஹிந்துஸ்தான்' நடத்தினார். அவர் டால்ஸ்டாய்க்குக் கடிதம் எழுத, கிழவர் நீண்ட பதில் எழுத, அந்தப் பதிலைத்தான் காந்தி பிறகு தென்னாப்பிரிக்காவில் தன் 'இந்தியன் ஒப்பீனியனில்' போட்டார். வட அமெரிக்கா, ரஷ்யா, தென்னாப்பிரிக்கா. ஒரு கடிதம் போன வழியைப் பாருங்கள். இத்தனைக்கும் விமானத் தபால் கிடையாது.

இந்தியன் ஒப்பீனியன் 1903 ஜூனில் தொடங்கியபோது நான்கு மொழிகளில் வந்தது, அதில் தமிழும் ஒன்று. மூன்றே ஆண்டில், 1906-இல், தமிழ்ப் பகுதியை நிறுத்த வேண்டி வந்தது. தமிழ் எழுத்துக் கோக்கவும் பார்த்துத் திருத்தவும் தகுந்த ஆள் அகப்படவில்லை என்பது காரணம். சர்க்கார் தடையில்லாமலே ஒரு பத்திரிகை இப்படியும் நிற்கும்.

கதருக்கு வருகிறேன். 1913 நவம்பர் 1-ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் முதல் உருது இதழ். அடுத்த மாதமே குர்முகி எழுத்தில் பஞ்சாபி. லாலா ஹர்தயாள் எழுதுவார். பெர்க்கிலியில் படிக்க வந்த கர்தார் சிங் சராபா என்ற பையன் படிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு அச்சு எந்திரத்தைக் கையால் சுற்றினான். பதினேழு வயது. அந்த இதழுக்குச் சந்தா கிடையாது, இலவசம். ஓரிகனில் மரம் அறுப்பவர்கள், கலிபோர்னியாவில் வயல் வேலை செய்பவர்கள், ஹாங்காங்கில் காவல் வேலை பார்ப்பவர்கள் என்று பஞ்சாபிகள் எங்கெல்லாம் இருந்தார்களோ அங்கெல்லாம் போனது.

அதில் வந்த ஒரு விளம்பரத்தைப் பேத்தி வாசித்துக் காட்டினாள். வேலைக்கு ஆள் தேவை என்கிற பாணியில் இருக்கும். இந்தியாவில் கலகம் மூட்டத் துணிந்த சிப்பாய்கள் தேவை. சம்பளம், மரணம். பரிசு, தியாகி என்ற பெயர். பென்ஷன், விடுதலை. வேலை செய்யும் இடம், இந்தியா. நான் பென்ஷன்காரன். மாதத்தின் முதல் தேதியில் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி பத்து நிமிடம் தாமதமானால் பதறுகிறவன். அந்த வரியைக் கேட்டதும் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் பேத்தி அடுத்ததைச் சொன்னாள். சராபா அந்த விளம்பரத்துக்குத் தானே விண்ணப்பம் போட்டதுபோல ஊருக்குத் திரும்பி வந்து, 1915 நவம்பர் 16 அன்று லாகூர்ச் சிறையில் தூக்கிலிடப்பட்டான். வயது பத்தொன்பது. பேத்திக்கு இப்போது இருபது.

கதரில் தமிழர் யாராவது உண்டா என்று தேடினோம். சென்னை மாகாணத்துக்காரராகக் கிடைத்தவர் தரிசி செஞ்சையா என்ற தெலுங்கர், பெர்க்கிலியில் படித்தவர். எனக்கு முதலில் கொஞ்சம் வருத்தம்தான். பிறகு யோசித்தபோது வருத்தப்பட ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. பஞ்சாபிக்கு வெளிநாடு என்றால் கலிபோர்னியா. தமிழனுக்கு வெளிநாடு விழுப்புரத்தைத் தாண்டினாலே வந்துவிட்டது.

புதுச்சேரியைச் சொல்கிறேன். பிரெஞ்சுக்காரன் மண். 1904-இல் ஆகஸ்டு முதல் நவம்பர் வரை, நம் மதுரை வடக்கு வெளி வீதியில் இருக்கும் சேதுபதி பள்ளிக்கூடத்தில் ஒரு இளைஞர் தமிழ் வாத்தியாராக வேலை பார்த்தார். அந்த ஆண்டுதான் மதுரையில் வந்துகொண்டிருந்த 'விவேகபாநு' இதழில் அவருடைய பாட்டு அச்சேறியது. பாரதி. இரண்டே ஆண்டில் சென்னையில் 'இந்தியா' வாரப் பத்திரிகையை நடத்தினார். சிவப்புத் தாள், தமிழில் அதுவரை யாரும் பார்க்காத அரசியல் கேலிச் சித்திரங்கள், தலைப்பில் பிரெஞ்சுப் புரட்சியின் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம். சந்தா விவரம் அதைவிட வேடிக்கை. கவர்ன்மெண்டாருக்கு 50 ரூபாய், ஜமீன்தார்களுக்கும் ராஜாக்களுக்கும் 30 ரூபாய், மாதம் 200 ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 15 ரூபாய், மற்றவர்களுக்கு 3 ரூபாய். சர்க்காரும் சந்தா கட்டித் திட்டு வாங்கிக்கொள்ளட்டும் என்பது ஏற்பாடு.

1908-இல் அடி விழுந்தது. இங்கேயும் லண்டனில் நடந்த கதைதான். விழுந்தது எழுதிய கையின் மேல் அல்ல. சட்டப்படி ஆசிரியர் என்று பதிவாகியிருந்தவர் முரப்பாக்கம் சீனிவாசன். ஐந்து ஆண்டு சிறை அவருக்குப் போனது. பாரதி புதுச்சேரிக்கு ரயில் ஏறினார். அதைக் குறையாகச் சொல்லவில்லை. அவர் போயிருக்காவிட்டால் நமக்குப் பல பாட்டுகள் கிடைத்திருக்காது. ஆனால் சீனிவாசனின் பெயரைப் பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எழுபது தாண்டிய பிறகு பேத்தியின் கைப்பேசியில்தான் தெரிந்துகொண்டேன்.

1908 அக்டோபரில் 'இந்தியா' புதுச்சேரியிலிருந்து மறுபடி வந்தது. லண்டனிலிருந்து வ.வே.சு. ஐயர் கடிதக் கட்டுரைகள் அனுப்பினார். ஆக ஹைகேட்டில் எழுதியது பிரெஞ்சு மண்ணில் அச்சாகி, பிரிட்டிஷ் மண்ணுக்குள் நுழைந்து, மதுரையிலோ திருநெல்வேலியிலோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் விரிந்தது. ஐரோப்பாவிலிருந்து வந்த இதழ்கள் புதுச்சேரி வழியாகவும் உள்ளே கசிந்தன. அந்தப் பத்திரிகையில் வேலை பார்த்த எம்.பி.டி. ஆச்சார்யா அங்கிருந்து கிளம்பிப் போனவர்தான், பாரிஸ், லண்டன், பெர்லின் என்று சுற்றி 1920-இல் தாஷ்கண்டில் போய் நின்றார். அவர் காலில் சக்கரம்.

'இந்தியா' 1910 மார்ச்சோடு நின்றது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் விட மறுத்தால் புதுச்சேரிக்குள் எத்தனை பேர் சந்தா கட்டுவார்கள்? பிரெஞ்சுக்காரன் அச்சுக்கூடத்தைப் பூட்ட வேண்டிய அவசியமே இல்லை. எல்லையில் தபால் மூட்டையைத் தடுத்தால் போதும். பத்திரிகை பட்டினியில் போய்விடும். அந்த வேலையைச் செய்தவர்கள் கவர்னரும் கலெக்டருமா? உத்தரவு அவர்களுடையது. சுருளை எடுத்துத் தனியே வைத்த கை ஒரு பிரிப்பாளனுடையது. பதினைந்து இருபது ரூபாய்ச் சம்பளத்துக்கு நின்றுகொண்டிருந்த ஒரு முத்துச்சாமியோ ராமையங்காரோ டேவிட்டோ.

வ.வே.சு. ஐயர் 1910-இல் ஐரோப்பாவிலிருந்து தப்பி மாறுவேடத்தில் வந்ததைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். துப்பறிகிறவன் ஒருவன் ஐயர் பெயருக்குத் தந்தி வந்திருப்பதாக நீட்டினானாம். பெட்டியில் வி.வி.எஸ். என்று இருக்கிறதே என்று மடக்கினானாம். "நான் வீர விக்ரம சிங்" என்று சீக்கிய வேடத்தில் இருந்த ஐயர் சொல்லிவிட்டாராம். எவ்வளவு நிஜமோ. எங்கள் இலாகாவில் ஒரு தந்தியை நீட்டிக் கையெழுத்து வாங்குவது எத்தனை பேரைக் காட்டிக்கொடுக்கும் என்று எனக்குத் தெரியும் என்பதால் இந்தக் கதை பிடிக்கும்.

பேத்தியும் நானும் ஒரு சனிக்கிழமை காந்தி மியூசியம் நூலகத்துக்குப் போனோம். யானைக்கல்லில் பஸ் நெரிசலில் நின்றது. சன்னல் வழியாக ஜார்ஜ் ஜோசப் சிலையைக் காட்டினேன். ரோசாப்பூ துரை. செங்கன்னூரில் பிறந்து, எடின்பரோவிலும் லண்டனிலும் படித்து, 1909-இல் பாரிஸ்டராகத் திரும்பி, கடைசியில் மதுரைக்காரராகவே ஆகிவிட்டவர். குற்றப் பரம்பரைச் சட்டத்தில் மாட்டிய கள்ளர்களுக்காக வழக்காடியவர் என்பதை இந்தப் பக்கத்துக் கிழவர்கள் இன்றும் சொல்வார்கள். ஹோம் ரூல், அதாவது தன்னாட்சி, பற்றிப் பேச அவரை இங்கிலாந்துக்கு அனுப்பியபோது, கப்பலை ஜிப்ரால்டரில் மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பின்னால் அலகாபாத்தில் மோதிலால் நேருவின் 'இண்டிபெண்டண்ட்', அப்புறம் காந்தியின் 'யங் இந்தியா' என்று பத்திரிகை ஆசிரியராகவும் இருந்தார். "தாத்தா, இவரையும் சுருள் மாதிரியே எல்லையில் பிடித்துத் திருப்பியிருக்கிறார்கள்" என்றாள் பேத்தி. இந்தப் பெண் ஒருவேளை நன்றாகவே எழுதிவிடுவாள்.

நூலகத்தில் இரண்டு மணி நேரம் இருந்தோம். திரும்பும்போது பஸ்ஸில் அவள்தான் கேட்டாள். "நீங்கள் 1909-இல் வேலையில் இருந்திருந்தால் சுருளை விட்டிருப்பீர்களா, பிடித்திருப்பீர்களா?"

"பசிக்கிறது, முதலில் போய்ச் சாப்பிடுவோம்" என்று சொல்லிவிட்டேன். அவளிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

1976. அந்த ஆண்டு ஜனவரி 31-ஆம் தேதி தமிழ்நாட்டு அரசைக் கலைத்துவிட்டார்கள். அதுவரை வடக்கே இருந்த நெருக்கடி நிலையின் சூடு அதன்பிறகுதான் நமக்கு முழுதாக உறைத்தது. தபாலை மறித்துப் பார்ப்பதற்கு 1898-ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டத்தில் 26-ஆம் பிரிவு இருந்தது. வெள்ளைக்காரன் எழுதிய அந்தச் சட்டம் 2024 வரை ஆயுளோடு இருந்தது என்பது உபரித் தகவல். வெளிநாட்டிலிருந்து அரசியல் சம்பந்தமாக எது வந்தாலும் மேலே கொடுத்துவிட வேண்டும் என்று எங்களிடம் வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்கள். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்கள் நெருக்கடி நிலையை எதிர்த்து இதழ்கள் நடத்தினார்கள் என்பதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

சித்திரை மாதம், இரவு வேலை. விசிறி சுற்றினால் கட்டுகள் பறக்கும் என்று நிறுத்தி வைத்திருப்போம். மூட்டையைக் கொட்டியபோது ஒரு சுருளின் ரேப்பர் பாதி கிழிந்து வந்தது. வெளிநாட்டுத் தபால்தலை. சென்னையில் பார்த்துத்தான் அனுப்பியிருக்க வேண்டும், எப்படியோ தப்பி வந்திருந்தது. தட்டச்சு செய்து நகல் எடுத்த தாள்கள், ஆங்கிலம். நான் நின்றபடியே ஆறேழு வரி படித்தேன். சிறையில் இருக்கிறவர்களின் பெயர்ப் பட்டியல். படித்தது தப்பு என்று தோன்றி உடனே சுருட்டினேன். விலாசம் மேலமாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. ஓய்வு பெற்ற ஒரு வாத்தியாரின் பெயர். மதுரை-1 என்று நீல மையில், நல்ல தெளிவான கையெழுத்து. ஒன்று என்ற எண்ணுக்குத் தலையில் ஒரு சின்னக் கொண்டி.

எனக்கு வேலை நிரந்தரமாகவில்லை. ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இதையெல்லாம் காரணமாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், அப்போது என்னிடம் இருந்தவை இவை. வலது கை போக வேண்டிய அறை கண்ணெதிரே இருந்தது. கிழிந்த ரேப்பரைப் பசை போட்டு ஒட்டி அதில் செருகியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அப்படி ஒட்டுவது எங்கள் வேலையும்கூட.

எடுத்துக்கொண்டு போய் மேலே இருந்தவரிடம் கொடுத்தேன். அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. இழுப்பறைக்குள் போட்டு, "கண் நன்றாக இருக்கிறது உனக்கு" என்றார். பாராட்டு.

இரண்டு மாதம் கழித்து, அந்தப் பகுதிக்குத் தபால் கொண்டுபோகும் நண்பர் ஒருவர் டீக்கடையில் பேச்சுவாக்கில் சொன்னார். அந்தச் சந்தில் ஒரு வாத்தியார் தினமும் பதினொரு மணிக்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாராம். மகன் வெளிநாட்டில் படிக்கிறானாம். "எனக்கு ஏதும் உண்டா அப்பா" என்று கேட்பாராம். இல்லை என்று சொல்லவே சங்கடமாக இருக்கிறது என்றார் நண்பர். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். சுருளுக்குள் அச்சுத் தாள் மட்டும்தான் இருந்ததா, நடுவில் மகன் எழுதிய ஒரு காகிதமும் இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. ஆறேழு வரிதான் படித்தேன்.

பிறகு அந்தச் சந்துப் பக்கம் சில தடவை போனேன். சைக்கிளை நிறுத்தவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பேத்தி தன் கட்டுரைக்குப் படம் வேண்டும் என்றாள். பழைய ரேப்பர் எப்படி இருக்கும் என்று செய்து காட்டுங்கள், நான் படம் எடுத்துக்கொள்கிறேன் என்றாள். பாட்டியிடம் சோற்றுக் கஞ்சி வாங்கி வந்தாள். அன்றைய நாளிதழை நீளவாக்கில் மடித்து இறுகச் சுருட்டினேன். கை மறக்கவில்லை. பழுப்புத் தாளில் நான்கு விரல் அகலத்துக்குப் பட்டை கிழித்து, ஓரத்தில் கஞ்சி தடவி, சுருளின் இடுப்பில் சுற்றி ஒட்டினேன். இரண்டு முனையும் திறந்திருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே பேனாவை எடுத்தேன்.

"விலாசம் எழுதினால்தானே படம் நன்றாக இருக்கும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அவள் கைப்பேசியை நேராக்கி, குனிந்து, வாய்விட்டுப் படித்தாள். ஒரு பெயர், மேலமாசி வீதி பக்கத்துச் சந்து, மதுரை-1.

"யார் தாத்தா இவர்?"